மியாட்டாவின் பின் டிஃபரென்ஷியலுக்கு எந்த ஆயில்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மஸ்டா எம்எக்ஸ்-5 காரை (மியாட்டா) வார நாளில் சாலையிலும் வார இறுதியில் டிராக்கிலும் ஓட்டுபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலானவை முதல் இரண்டு தலைமுறைக் கார்களைப் பற்றியவை. எஞ்சின் விசையை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்து, வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதிதான் பின் டிஃபரென்ஷியல். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்துவது லிமிடெட் ஸ்லிப்; அதில் டார்சன், விஸ்கஸ், கிளட்ச் தகடு என்று வகைகள் உண்டு. அந்தக் கட்டுப்பாடு இல்லாதது ஓப்பன்.

1.8 லிட்டர் கார், டார்சன் டிஃபரென்ஷியல். டிராக்கில் ஓட்டுவதால் 75டபிள்யூ-140 ஊற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். தரமான சிந்தெடிக் 75டபிள்யூ-90, ஜிஎல்-5 (கியர் ஆயிலின் தர வகுப்பு) போதும். 100 டிகிரி செல்சியஸில் 90 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ், 140 கிரேடுக்கு 24 முதல் 32.5. இவ்வளவு தடித்த ஆயிலைக் கிரவுன் வீல் (உள்ளே சுழலும் பெரிய பற்சக்கரம்) கடைந்துகொண்டே ஓடினால் அந்த உழைப்பும் சூடாகத்தான் மாறும். ஆயில் உண்மையிலேயே அளவு மீறிச் சூடாகும்போதுதான் 140 பயன் தரும். சூடான 140, மிதமான சூட்டில் உள்ள 90 அளவுக்கு மெலிந்திருக்கும். பற்களுக்கிடையே எண்ணெய்ப் படலம் அறுந்துபோகாது.

எனவே முதலில் வெப்பத்தை அளந்து பாருங்கள். ஹவுசிங்கில் (டிஃபரென்ஷியலின் வெளிக்கூடு) வெப்ப ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ட்ரெயின் பிளக்கில் சென்சார் பொருத்தினால் இன்னும் நல்லது. உள்ளே ஆயில் ஹவுசிங்கின் வெளிப்பக்கத்தைவிடச் சூடாக இருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். ஆயில் 120 டிகிரிக்குள் நின்றால் 90 கிரேடு போதும். அடிக்கடி 130 டிகிரியைத் தாண்டினால் 110 அல்லது 140 கிரேடுக்கு மாறலாம். 150 டிகிரியைத் தொட்டால் கிரேடை மாற்றிப் பயனில்லை. ஆயில் சீல்கள் கெட்டிப்பட்டுக் கசியத் தொடங்கும். அதற்குத் தீர்வு கூலர், அல்லது ஓட்டத்தின் நீளத்தைக் குறைப்பது.

டர்போ போட்ட கார்களுக்கும், 1990 முதல் 1993 வரை வந்த 1.6 கார்களுக்கும் கூடுதல் கவனம் வேண்டும். 1.6-இன் சிறிய டிஃபரென்ஷியலில் 0.65 லிட்டர் ஆயில்தான் இருக்கிறது. அவ்வளவு குறைந்த ஆயில் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் கெடும்.

பழைய கார் வாங்கினேன். உள்ளே எந்த வகை டிஃபரென்ஷியல் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆயில் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இரண்டு பின் சக்கரங்களையும் தூக்கி, முன் சக்கரங்களுக்கு அடை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றும்போது மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் பெரும்பாலும் ஓப்பன் வகை. ஒரே திசையில் சுற்றினால் ஏதோ ஒரு லிமிடெட் ஸ்லிப்.

இனிக் கியரில் போட்டு ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். மெதுவாகச் சுற்றினால் இளகி, வேகமாகச் சுற்றினால் இறுகுவது விஸ்கஸ். கையால் அசைக்கவே முடியாமல் நீண்ட கம்பி வைத்து நெம்ப வேண்டியிருந்தால், முந்தைய உரிமையாளர் கிளட்ச் தகடு வகையைப் போட்டிருக்கலாம். சந்தேகம் தீராவிட்டால் ஒரு ஆக்சிலைக் கழற்றி உள்ளே பாருங்கள். குறுக்கே ஒரு பின் ஓடினால் அது டார்சன் அல்ல.

லிமிடெட் ஸ்லிப் என்றால் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் (உராய்வை மென்மையாக்கும் சேர்மானம்) சேர்த்தே ஆக வேண்டுமா?

கிளட்ச் தகடு வகைக்கு மட்டுமே இந்தக் கேள்வி பொருந்தும். டார்சனில் தகடுகள் பூட்டுவதில்லை. பற்சக்கரங்கள் ஒன்றையொன்றும் ஹவுசிங்கையும் அழுத்தும் உராய்வே வேலை செய்கிறது. அதில் மாடிஃபையர் ஊற்றினால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பூட்டும் திறனைச் சிறிது குறைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கிளட்ச் வகையில் மெதுவாக வளைந்து நிறுத்தும்போது தகடுகள் பிடித்து விட்டு, பிடித்து விட்டு 'டக் டக்' என்று அதிரும். மாடிஃபையர் அந்த உராய்வை மென்மையாக்கும். அளவு கூடினால் தகடுகள் வழுக்கும். வளைவிலிருந்து வெளியேறும்போது உள் சக்கரம் வீணாகச் சுழலும். டிராக் கார் என்றால் மாடிஃபையர் இல்லாத ஆயிலில் தொடங்குங்கள். ரெட் லைன் 75டபிள்யூ90என்எஸ் அப்படிப்பட்டது. அதே நிறுவனத்தின் 'என்எஸ்' இல்லாத 75டபிள்யூ90-இல் மாடிஃபையர் ஏற்கெனவே கலந்திருக்கிறது. டப்பாவை மாற்றி எடுத்துவிடாதீர்கள். சாலையில் அதிர்வு தாங்க முடியாவிட்டால் 1 லிட்டருக்கு 15 மில்லி சேர்த்து ஓட்டிப் பாருங்கள். பிறகும் தேவைப்பட்டால் இன்னொரு 15. சேர்த்ததைத் திரும்ப எடுக்க முழு ஆயிலையும் வடித்தாக வேண்டும் என்பதால் பொறுமையாகச் சேர்ப்பதே நல்லது.

தயாரிப்பாளர் குறிப்பிட்ட ஆயில் இருந்தால் வாதம் செய்யாமல் அதையே ஊற்றுங்கள். கிளட்ச் தகடு வகையைத் தயாரிக்கும் ஓஎஸ் கிகன் தன் தகடுகளுக்கு 80டபிள்யூ-250 என்ற மிகத் தடித்த ஆயிலைத் தருகிறது. நிறையத் தகடுகள் கொண்ட அமைப்புக்கு ஏற்றபடி தேர்ந்தது அது. புதுத் தகடுகளை முதல் நாளே டிராக்குக்குக் கொண்டு போகாதீர்கள். காலியான இடத்தில் மெதுவாக எட்டு வடிவில், இரு பக்கமும் சமமாகச் சுற்றி, நடுவே ஆற விட்டு, மறுபடி சுற்றுங்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிடுங்கள். அதில் தகடுகளின் தேய்மானத் தூள் நிறைய இருக்கும்.

விஸ்கஸ் டிஃபரென்ஷியல் பிடிப்பதே இல்லை. ஆயில் மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. பூட்டும் வேலையைச் செய்வது மூடி முத்திரையிட்ட கூட்டுக்குள் இருக்கும் சிலிக்கோன் திரவம். நீங்கள் ஊற்றும் கியர் ஆயில் அதைத் தொடுவதே இல்லை. வெப்பமும் வயதும் அந்தத் திரவத்தைக் கெடுத்துவிட்டால் அலகையே மாற்ற வேண்டும். 1994 முதல் வந்த பெரிய டிஃபரென்ஷியலை டார்சனோடு முழுதாகப் பொருத்துவது வழக்கமான தீர்வு. ஆக்சில், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆகியவையும் அதனுடன் பொருந்த வேண்டும்.

கியர்பாக்ஸுக்கு வாங்கிய ஜிஎல்-4 ஆயில் மிச்சம் இருக்கிறது. அதையே பின்னால் ஊற்றலாமா?

கூடாது. பின் டிஃபரென்ஷியலில் இருப்பது ஹைபாய்டு பற்கள். பினியனின் (கிரவுன் வீலை ஓட்டும் சிறிய பற்சக்கரம்) மையம் கிரவுன் வீலின் மையத்தைவிட்டு விலகியிருப்பதால், பற்கள் உருள்வதோடு பெரும் அழுத்தத்தில் வழுக்கவும் செய்கின்றன. அதைத் தாங்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் ஜிஎல்-5-இல்தான் போதிய அளவு உண்டு. ஜிஎல்-4 ஊற்றினால் பற்களின் முகம் சுரண்டப்படும்.

டிராக்கிலிருந்து வந்ததும் ஹவுசிங் மேலெல்லாம் ஆயில். சீல் போய்விட்டதா?

முதலில் ஆயில் மட்டத்தையும் பிரீதரையும் (உள் அழுத்தத்தை வெளியேற்றும் காற்றுத் துளை) பாருங்கள். அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் ஆயில் நுரைத்துப் பிரீதர் வழியே வெளியேறும். பிரீதர் அடைபட்டிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகவும் ஆயில் தள்ளப்படும். நீண்ட வளைவுகள் உள்ள டிராக்கில் மட்டம் சரியாக இருந்தாலும் சிறிது வரலாம்; பிரீதரிலிருந்து குழாய் இழுத்து உயரத்தில் ஒரு சிறிய கேட்ச் டப்பாவில் விடுங்கள்.

நானே மாற்றப் போகிறேன். எவ்வளவு வாங்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும்?

1.8 காருக்கு 1 லிட்டர். அமெரிக்கக் குவார்ட் பாட்டில் 946 மில்லிதான், ஒன்று போதாது; இரண்டு வாங்குங்கள்.

சற்று ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். காரை நான்கு ஜாக் ஸ்டாண்டுகளிலும் மட்டமாக நிறுத்துங்கள். பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் மட்டம் தவறாகக் காட்டும். ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது துருப்பிடித்து அசையாத நிலையில் கீழே வடித்துவிட்டால் கார் அங்கேயே நின்றுவிடும். வடிந்ததும் புது வாஷர் போட்டுக் கீழ்ப் பிளக்கை மூடி, கைப் பம்பால் ஊற்றுங்கள். ஊற்றும் துளையின் கீழ் விளிம்பில் வழியத் தொடங்கினால் நிறுத்தலாம். பிளக்குகளுக்கு 40 முதல் 54 நியூட்டன் மீட்டர்.

வடித்த ஆயிலையும் பிளக்கையும் ஆராயாமல் கொட்டாதீர்கள். காந்தப் பிளக்கில் சாம்பல் நிறக் களிம்பு படிவது இயல்பு. விரலில் குத்தும் சில்லோ செதிலோ இருந்தால் பற்களையோ பேரிங்கையோ திறந்து பார்க்க வேண்டும். பால் நிறம் என்றால் நீர் புகுந்திருக்கிறது. கறுத்துக் கருகிய வாசனை அடித்தால் வெப்பம் மீறியிருக்கிறது. மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். டிராக் காருக்குப் பருவத்துக்கு ஒருமுறை மாற்றுவது குறைந்தபட்சம்.

ஆட்டோகிராஸில் (கூம்புகளுக்கிடையே நேரம் கணக்கிட்டு ஓட்டும் போட்டி) உள் சக்கரம் தரையைவிட்டு எழும்போது டார்சன் கைவிடுகிறது. தடித்த ஆயில் உதவுமா?

உதவாது. பிடிப்பு குறைந்த சக்கரம் தாங்கும் முறுக்கு விசையின் இத்தனை மடங்கு என்றுதான் டார்சன் மற்ற சக்கரத்துக்கு அனுப்பும். எழுந்த சக்கரம் தாங்குவது ஏறக்குறைய பூஜ்ஜியம். அதை எதால் பெருக்கினாலும் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். பின் ஆன்டி-ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) மெலிதாக்கி அல்லது கழற்றிச் சக்கரம் தரையிலேயே இருக்கும்படி செய்யுங்கள். அப்படியும் எழுந்தால், முன்கூட்டியே இறுக்கிவைத்த கிளட்ச் தகடு வகைக்கு மாறுங்கள்.