வாசகர் கேள்வி பதில்: கிராமத்துப் பியர் ஆலைக்குச் செல்லும்போது

கேள்வி: ஒக்ஸ்போர்டில் வசிக்கும் மகளைப் பார்க்க நானும் மனைவியும் செல்லவிருக்கிறோம். அங்கிருந்து கிராமப்புறத்திலுள்ள பழைய பியர் ஆலையொன்றுக்கு எங்களை அழைத்துச் செல்ல மருமகன் ஏற்பாடு செய்திருக்கிறார். விசேட நாட்களில் நன்றாகக் குளிர்ந்த லாகர் வகைப் பியர் ஒரு போத்தல் குடிப்பதோடு என் பழக்கம் முடிந்துவிடும். மனைவி தொடுவதே இல்லை. அங்கு எதைப் பார்ப்பது, எப்படிச் சுவைப்பது? இங்கிலாந்தில் சூடான பியர்தான் தருவார்கள் என்று நண்பர் ஒருவர் வேறு பயமுறுத்துகிறார்.
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: நண்பரின் பேச்சைக் கேட்டுத் தயங்க வேண்டாம். பீப்பாவிலேயே முதிர்ந்து, கைப்பம்பினால் இழுத்து ஊற்றப்படும் ஆங்கிலேய ஏல் வகைப் பியரை 11 முதல் 13 பாகை செல்சியஸ் அளவில் பரிமாறுவார்கள். நுவரெலியாவின் இரவுக் குளிர் ஏறக்குறைய அதுதான். கொழும்பின் வெக்கையில் நாம் தேடும் கடுங்குளிர் நாவை மரக்கச் செய்வதோடு, வாசனையும் மேலெழாமல் தடுத்துவிடுகிறது. லாகருக்கு அதனால் பெரிய நட்டமில்லை. ஆனால், 20 பாகையை அண்டிய வெப்பநிலையில் நொதித்து, பழ வாசனையைத் தன்னுள்ளே வளர்த்துக்கொண்ட ஏல், அப்படிக் குளிரூட்டினால் ஊமையாகிவிடும். வாயுவும் குறைவாகவே இருக்கும். முதல் மிடற்றில் 'சப்'பென்று தோன்றினால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாமல், இரண்டாவது மிடறுவரை பொறுத்திருங்கள்.

சுவைப்பதற்கு முன் ஆலையை முழுமையாகச் சுற்றிப் பார்த்துவிடுங்கள். எதிலிருந்து அந்தச் சுவை பிறக்கிறது என்பதைக் கண்ட பிறகு குடிப்பவருக்குத்தான் கண்ணாடிக் குவளையிலிருப்பது விளங்கும் என்பது என் உறுதியான எண்ணம். ஒக்ஸ்போர்ட்ஷயரில் ஹூக் நோர்டன் என்ற கிராமத்தில் 1849இல் தொடங்கப்பட்ட குடும்ப ஆலையொன்று இருக்கிறது. உங்கள் மருமகன் மனதில் வைத்திருப்பது அதுவாகவும் இருக்கலாம். தானியத்தை மேல் மாடிக்கு ஏற்றிவிட்டால், ஒவ்வொரு கட்டமும் புவியீர்ப்பினாலேயே கீழிறங்கி வரும்படி அமைந்த விக்டோரியா காலத்துக் கோபுரக் கட்டடம் அது. பழைய நீராவி இயந்திரத்தையும் பேணி வைத்திருக்கிறார்கள். நமது நாட்டிலும் 1881இல் பியர் ஆலை நுவரெலியாவில்தான் நிறுவப்பட்டது என்பதையும், அதற்கு மலைநாட்டின் குளிரும் ஊற்று நீரும் எவ்வளவு கைகொடுத்திருக்கும் என்பதையும் அங்கு நிற்கும்போது எண்ணிப் பாருங்கள்.

கள்ளில் சீனி இயற்கையாகவே இருப்பதால், மரத்திலிருந்து இறக்குவதற்கு முன்பே முட்டிக்குள் நொதிக்கத் தொடங்கிவிடுகிறது. பார்லியில் இருப்பதோ மாப்பொருள். பார்லியை முளைக்கவைத்து, உலர்த்தி மோல்ட் ஆக்கி, நொறுக்கி, 65 பாகையை அண்டிய நீரில் ஒரு மணித்தியாலமளவு ஊறவிட்டால்தான் முளையிலுள்ள நொதியங்கள் மாவைச் சீனியாக மாற்றும். அந்தத் தொட்டியின் மூடியைத் திறக்கும் வேளையில் நீங்கள் அருகில் நிற்கக் கிடைத்தால், எழும் மணத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள். நம் வீட்டு நெஸ்டமோல்ட் டின்னைத் திறந்தால் வருகிற அதே மோல்ட் மணம். வழிகாட்டியிடம் கேட்டு, வெளிர் மோல்ட் மணியொன்றையும் கருக வறுத்த மணியொன்றையும் மென்று பாருங்கள். முதலாவது இனிக்கும், மற்றது கோப்பியைப் போலக் கசக்கும். ஸ்டவுட் என்ற கறுத்த பியரின் நிறம் எங்கிருந்து வந்தது என்பதை அதற்குமேல் யாரும் விளக்கத் தேவையில்லை.

பியரில் சேர்க்கும் ஹொப்ஸ் என்ற கொடியின் பூவையும் தவறவிடாதீர்கள். காய்ந்த பச்சைப் பூவொன்றைப் பிளந்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் தூள் தெரியும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் அது பிசினாக ஒட்டிக்கொண்டு, இனத்துக்கேற்பத் தோடம்பழத் தோலாகவோ, வெட்டிய புல்லாகவோ, மிளகாகவோ மணக்கும். மோல்ட் ஊறிய இனிப்பு நீரைக் கொதிக்கவைக்கும்போது, தொடக்கத்தில் இடும் ஹொப்ஸ் கசப்பையும், இறுதியில் இடுவது வாசனையையும் தருகின்றன. இவற்றை அறிய ஒரு துளிகூடக் குடிக்க வேண்டியதில்லை என்பதால், உங்கள் மனைவிக்கும் அந்த நாள் வீணாகாது.

சுவைக்கும் இடத்தில் பைன்ட் கேட்காமல், மூன்றிலொரு பைன்ட் குவளைகளில் மூன்று வகை கேளுங்கள். மூன்றும் சேர்ந்து 568 மில்லிலீற்றர், அதாவது ஒரு பைன்ட்தான். வெளிர்ந்த, மென்மையான வகையில் தொடங்கிக் கறுத்த, கனத்த வகையில் முடியுங்கள். முறை மாறினால் ஸ்டவுட் குடித்த வாய்க்கு ஏல் வெறும் தண்ணீராகத் தெரியும். முதலில் முகர்ந்து, பின்னர் சிறு மிடறாக வாய் முழுவதும் படரவிட்டு விழுங்குங்கள். விழுங்கிய பிறகு எஞ்சும் கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, அது இனிதாக அடங்குகிறதா, நாவை வரட்டுகிறதா என்பதில்தான் ஓர் ஆலையின் கைத்திறன் வெளிப்படுகிறது. இடையிடையே தண்ணீர் அருந்துங்கள். நமது லயன் ஸ்டவுட்டின் 8.8 வீத மதுசாரத்தை மனதில் வைத்துக்கொண்டு அங்குள்ள 4 வீத ஏலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அவ்வளவு குறைந்த மதுசாரத்தில் சுவையை நிறுத்திக் காட்டுவது கடினமான வேலை.

வாகனம் ஓட்டுபவர் மருமகன் என்றால் அவர் சுவைக்கவே கூடாது. அவருக்குரியதைப் போத்தலில் வாங்கிச் சென்று வீட்டில் கொடுங்கள்.

கேள்வி: நான் சைவ உணவு மட்டுமே உண்பவன். பியர் தானியத்தாலும் நீராலும் ஆவது என்பதால் தயக்கமின்றி அருந்தலாம் அல்லவா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: எல்லாப் பியரையும் அப்படி எண்ணிவிட முடியாது. பீப்பா ஏலில் மிதக்கும் ஈஸ்டைத் திரட்டி அடியில் படியச் செய்வதற்கு, மீனின் காற்றுப்பையை உலர்த்திப் பெறும் ஒருவகைக் கூழைச் சேர்ப்பது பிரித்தானியாவின் நீண்டகால வழக்கம். அது பெரும்பாலும் வண்டலோடு பீப்பாவிலேயே தங்கிவிடும் என்றாலும், விரதம் காக்கும் ஒருவருக்கு அந்த விளக்கம் போதுமானதல்ல. இக்காலச் சிறு ஆலைகளில் பல அதனைச் சேர்க்காமலே விடுகின்றன. ஆகவே, 'மீன் கூழ் சேர்க்காத பியர் எது?' என்று நேரடியாகக் கேளுங்கள். 'வீகன்' (விலங்குப் பொருள் எதுவும் சேராதது) என்ற குறிப்புள்ள போத்தலையும் தேர்ந்தெடுக்கலாம். அத்தகைய பியர் சற்றுக் கலங்கலாக இருப்பது பழுதல்ல. புளிப்பு வகையென்று சொல்லி விற்காத பியரில் காடியின் நெடி அடித்தால் மட்டும், குவளையைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று கேளுங்கள்.