விண்வெளி வரலாறு: டெல்டாக்காரர்கள் கேட்டதும் என் பதிலும்

மன்னார்குடிப் பக்கம் முப்பது வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நம்ம பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

திருவாரூர், கல்லூரி மாணவர்: சார், எதிலிருந்து தொடங்கிப் படிப்பது?

1957 அக்டோபர் 4-லிருந்து தொடங்குங்கள், தம்பி. அன்றுதான் சோவியத் ஒன்றியம் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை அனுப்பியது. 58 செ.மீ. விட்டமுள்ள உருண்டை, எடை 83.6 கிலோ. கொள்முதல் நிலையத்தில் பிடிக்கிற 40 கிலோ சிப்பம் இரண்டைவிடக் கொஞ்சம்தான் கூட. 'பீப் பீப்' என்று சிக்னல் அனுப்பியது, மூன்று வாரத்தில் பேட்டரி தீர்ந்தது. மூன்றரை ஆண்டு கழித்து, 1961 ஏப்ரல் 12-இல் விண்வெளிக்குப் போன முதல் மனிதர் யூரி ககாரின் பூமியைச் சுற்றிவிட்டு 108 நிமிடத்தில் தரையில் நின்றார். தஞ்சாவூரில் பஸ் ஏறியவர் மயிலாடுதுறை போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது!

கும்பகோணம், இல்லத்தரசி: நிலவில் இறங்கியதுதானே எல்லாவற்றிலும் பெரிய சாதனை?

1969 ஜூலை 20-ஐ யாரும் குறைத்துச் சொல்ல முடியாது, அம்மா. ஆனால் என் மனதில் நிற்பவர் அலெக்ஸி லியோனவ். 1965 மார்ச் 18-இல் கலத்தை விட்டு முதன்முதலாக வெளியே வந்து மிதந்தவர். வெளியே காற்றழுத்தம் இல்லாததால் அவருடைய உடுப்பு உப்பிப்போய், திரும்ப உள்ளே நுழைய முடியவில்லை. உடுப்பிலிருந்த காற்றைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

திருவையாறு, எட்டாம் வகுப்பு மாணவி: வாயேஜர் 2 முதலில் கிளம்பியதாமே, ஏன்?

நல்ல கேள்வி, கண்ணு. வியாழன் போன்ற தொலைதூரக் கோள்களைப் பார்க்க அமெரிக்கா அனுப்பிய இரண்டு ஆளில்லாக் கலங்கள்தான் வாயேஜர் 1-ம் 2-ம். 1977 ஆகஸ்டில் வாயேஜர் 2 கிளம்பியது, செப்டம்பரில் வாயேஜர் 1. பின்னால் போனது குறுக்கு வழியில் போய் வியாழனை முதலில் எட்டியது. அதனால்தான் அதற்கு 1.

வேதாரண்யம், விவசாயி: இதனால் நமக்கு என்னங்க ஐயா ஆச்சு?

1952-இல் நாகைப் பக்கம் பெரும்புயல் கரையேறியபோது வானத்தில் ஒரு செயற்கைக்கோள்கூட இல்லை, அண்ணே. மேகங்களை மேலிருந்து படம்பிடித்த முதல் வானிலைக் கோள் டைரோஸ்-1, 1960 ஏப்ரல் 1-இல்தான் போனது. 78 நாள்தான் உழைத்தது. ஆனாலும் புயலின் சுழலை முழுசாக மேலிருந்து பார்க்க முடியும் என்று காட்டிவிட்டது. 1983-இல் நம் நாட்டுச் செயற்கைக்கோள் இன்சாட்-1பி போனது. 36,000 கி.மீ. உயரத்தில் நம் நாட்டின் பக்கமே நிற்கிற மாதிரி சுற்றியதால் வங்கக் கடலை ஓயாமல் பார்க்க முடிந்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வந்தது. உங்கள் தென்னந்தோப்புகள் சாய்ந்ததை எந்தக் கோளாலும் தடுக்க முடியவில்லை, அந்த வலி எனக்கும் தெரியும். ஆனால் புயல் வரும் திசையும் நேரமும் முன்கூட்டியே தெரிந்ததால் ஆயிரக்கணக்கானோர் முகாமுக்குப் போய்விட்டார்கள். என் கணக்கில் நிலவுப் பயணத்துக்குச் சமமான மைல்கல் அந்த டைரோஸ்.

மன்னார்குடி, தறி நெய்பவர்: விண்வெளி நிலையத்தை இங்கிருந்து பார்க்கலாமா?

தாராளமாக. 2000 நவம்பரிலிருந்து அதில் ஆளில்லாத நாளே இல்லை. அது நம் தலைக்கு மேல் வருகிற நாளில், இருட்டத் தொடங்கியதும் களத்துமேட்டில் நின்று பாருங்கள். சிமிட்டாமல், வெள்ளி மாதிரி பளிச்சென்று ஊர்ந்து சில நிமிடத்தில் மறைந்துவிடும். சிமிட்டினால் அது விமானம்.