இரண்டு இரண்டாகத் தின்ற திராட்சை

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறேன், வயது 22. பள்ளியில் பிடித்துப்போய், கல்லூரியிலும் ஸ்பானிஷையே எடுத்தேன். இது கடைசி வருடம். 16, 17ஆம் நூற்றாண்டு ஸ்பானிய இலக்கியத்தில் பிஎச்.டி. செய்து பேராசிரியர் ஆக ஆசை. "நானூறு வருஷப் பழசை வைத்துச் சோறு தின்ன முடியுமா?" என்கிறார் அப்பா. எனக்கு வேறு கவலை. எங்கள் துறையில் மூத்த பேராசிரியர்கள்கூட ஆரம்ப வகுப்புகளுக்கு வினைச்சொல் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் அப்படியே காலம் தள்ள வேண்டியிருக்குமா?

பதில்:

அன்பு மகளுக்கு,

உன் கவலையிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் 27 வருடம் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆமாம், வினைச்சொல் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். பெரும்பாலான துறைகளில் வருகிற மாணவர்களில் அதிகம் பேர் மொழி கற்க வருகிறவர்கள். பழைய இலக்கியத்துக்கென்று வருடத்துக்கு ஒரு வகுப்பு கிடைத்தாலே பெரிது. ஆனால் 'காலம் தள்ளுவது' என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஸ்பானிஷில் இறந்தகாலம் இரண்டு என்பது உனக்குத் தெரியும். நடந்து முடிந்ததற்கு ஒன்று, நடந்துகொண்டே இருந்ததற்கு ஒன்று. இரண்டாம் வருடப் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். பயிற்சித்தாள் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், ஒரு நாள் 'லாசரில்யோ தே தோர்மெஸ்' கதையின் திராட்சைக் கட்டத்தைக் கொண்டுபோனேன். குருடனும் அவனுக்கு வழிகாட்டும் சிறுவனும் ஒரு குலைத் திராட்சையைப் பகிர்ந்து தின்னப்போகிறார்கள். ஆளுக்கு ஒவ்வொன்றாக என்று பேச்சு. குருடன் இரண்டாவது முறையே இரண்டு இரண்டாக எடுக்கிறான். பையன் விடுவானா? மூன்று மூன்றாக எடுக்கிறான். குலை தீர்ந்ததும், "நீ மூன்று மூன்றாகத் தின்றாய்" என்கிறான் குருடன். எப்படித் தெரிந்தது? "நான் இரண்டு இரண்டாகத் தின்றுகொண்டிருந்தேன், நீ பேசாமல் இருந்தாயே!"

பையன் தின்றது முதல் வகை இறந்தகாலத்தில் வருகிறது, 'கோமிஸ்தே' என்று. குருடன் தின்றுகொண்டிருந்ததும் பையன் பேசாமல் இருந்ததும் இரண்டாம் வகையில். குற்றம் முடிந்துபோனது, ஆனால் மௌனம் நீண்டுகொண்டே இருந்தது. கடைசி வரிசையில் எப்போதும் தூங்கி வழிகிற ஒரு பையன் தலையைத் தூக்கி, "அப்போ அவன் வாயை மூடவில்லை, மூடியபடியே இருந்திருக்கிறான்!" என்றான். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இலக்கணமும் இலக்கியமும் ஒரே நொடியில் அவனுக்குள் போய் உட்கார்ந்தன. யாரோ பேர் போடாமல் எழுதி 1554இல் அச்சில் வந்தது, 1559இல் ஸ்பெயின் மதவிசாரணை மன்றம் தடைசெய்த புத்தகம், இந்தப் பையனிடம் வந்து சேர்ந்தது ஒரு மொழி வகுப்பில்.

சரி, அப்பாவிடம் வருவோம். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2016க்கும் 2021க்கும் இடையில் அமெரிக்கக் கல்லூரிகளில் அயல்மொழி படிப்போர் எண்ணிக்கை 16.6 சதவீதம் குறைந்தது. அதில் ஸ்பானிஷும் சரிந்தது. ஆனாலும் இன்றைக்கும் அதிகம் பேர் படிப்பது அதைத்தான். 2023இல் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகம் தன் அயல்மொழிப் பட்டப்படிப்புகளையே மூட முடிவெடுத்தது. பிஎச்.டி. முடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். அப்புறம் வேலை கிடைத்தாலும், ஏறக்குறைய ஆறாம் வருடத்தில்தான் நிரந்தரம் ஆகுமா இல்லையா என்று தெரியும். அது கிடைக்காதவர்கள் பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, இரண்டு மூன்று கல்லூரிகளுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். என்னோடு படித்த கெட்டிக்காரி ஒருத்தி பத்து வருடம் அப்படி அலைந்தாள். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அதனால் கைக்காசு போட்டு பிஎச்.டி. சேராதே, கடன் வாங்கியும் சேராதே. கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வகுப்பெடுப்பதற்கு மாத உதவித்தொகையும் தருகிற இடத்துக்கு மட்டும் போ. போவதற்கு முன், கடந்த பத்து வருடத்தில் அங்கே முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேள். பதிலில் இழுத்தால் விலகிவிடு.

இன்னொன்று. 'டான் குவிக்சோட்' எழுதிய செர்வாந்தெஸ் மட்டும் தெரிந்தவருக்கு இன்று வேலை கிடைப்பது கஷ்டம். அந்தக் கால ஸ்பெயினையும் காலனிய அமெரிக்காவையும் சேர்த்து எடுக்கிறவரைத்தான் பல துறைகள் தேடுகின்றன. அதை ஒரு சுமையாக நினைக்காதே. மெக்சிகோ மடத்திலிருந்து எழுதிய கன்னியாஸ்திரி சோர் ஹுவானாவைப் படி. பெருவின் கூஸ்கோவில் இன்கா தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்த இன்கா கார்சிலாசோவைப் படி; தாய்வழி மக்களின் வரலாற்றை அவர் 1609இல் தந்தையின் மொழியில் அச்சிட்டார். பழைய கையெழுத்து வாசிக்கவும் போர்ச்சுகீசியம் வாசிக்கவும் கற்றுக்கொள். லாசரில்யோ வந்த அதே 1554இல்தான் லிஸ்பனில் தமிழ் முதன்முதலாக அச்சேறியது, ரோமன் எழுத்தில். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய பிரான்சிஸ் சேவியர், இன்று வட ஸ்பெயினில் இருக்கும் நவார்ரேயைச் சேர்ந்தவர். அந்த நூற்றாண்டுக்குள் நீ தமிழோடு போகலாம். உன்னோடு போட்டி போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது முடியும்?

விண்ணப்பம் எழுத இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு முன் ஒரு காரியம் செய். உங்கள் துறையில் முதல் பருவ வகுப்பு, காலை எட்டு மணிக்கு நடப்பதாகப் பார்த்து, அனுமதி கேட்டுப் பின்வரிசையில் இரண்டு வாரம் உட்கார். தன் பெயரைச் சொல்லவே வெட்கப்படும் பிள்ளைகள், ஐந்தாவது முறை அதே தப்பைத் திருத்தும் அந்த மூத்த பேராசிரியர் என்று எல்லாரையும் கவனி. அவர் முகத்தில் என்ன பார்த்தாய் என்று எனக்கு எழுது. மேலே என்ன செய்யலாம் என்று அதை வைத்துப் பேசுவோம்.