நகர நடுவில் ஸ்டூடியோ எடுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளின் தங்குமிடம் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஸ்டூடியோ என்றால் படுக்கை, படிப்பு மேசை, குட்டிச் சமையல் மேடை, குளியலறை எல்லாம் ஒரே கதவுக்குள் அடங்கிய ஒற்றை அறை. மாணவர்களுக்கென்றே தனியார் நிறுவனங்கள் கட்டி நடத்தும் கட்டடங்களில் கிடைப்பது.

மகன் ஓராண்டு எம்.எஸ்சி. சேருகிறான். ஸ்டூடியோ வாடகை வாரம் 235 பவுண்டு என்கிறார்கள். மாதம் 940 என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், சரிதானே? 44 வாரம், 51 வாரம் என இரண்டு ஒப்பந்தம் காட்டுகிறார்களே, எதை எடுப்பது? – ஒரு தாய், திருச்சி

கணக்கு சரியில்லை. மாதத்துக்கு நாலு வாரம் என்று பெருக்கினால் வருடத்துக்கு 48 வாரம்தான் வரும். 51 வார ஒப்பந்தத்தில் நீங்கள் கட்டப்போவது 51 வாரத்துக்கு. 235-ஐ 51-ஆல் பெருக்கினால் 11,985 பவுண்டு. உங்கள் கணக்குப்படி 11,280. இடையில் 705 பவுண்டு துண்டு விழும். வாரக் கணக்கில் சொன்ன வாடகையை மாதமாக்க, 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மாதம் ஏறக்குறைய 1,018.

குறைந்த வாரத்துக்கு எடுத்தால் வார வாடகை பெரும்பாலும் கூடும். 44 வாரத்துக்கு 250 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 11,000. 985 பவுண்டு மிச்சம் போலத் தெரியும். ஆனால் செப்டம்பர் நடுவில் தொடங்கும் 44 வாரம் ஜூலை நடுவில் முடிந்துவிடும். எம்.எஸ்சி. மாணவர்கள் ஆய்வேட்டை ஒப்படைப்பது பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பர் தொடக்கத்தில். எழுதிக்கொண்டிருக்கிற நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏழு வாரத்துக்கு வேறு அறை தேட வேண்டும். வாரம் 200-க்குக் கிடைத்தாலே 1,400 ஆகிவிடும். ஓராண்டு முதுகலைக்கு 51 வாரமே சரி. இளங்கலைக்கு 44 வாரம் தாராளம்.

இன்னொன்று. முழுநேர மாணவர் மட்டும் குடியிருக்கும் ஸ்டூடியோவுக்கு கவுன்சில் டாக்ஸ், அதாவது உள்ளூராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி, கிடையாது. ஆனால் பல்கலைக்கழகம் கொடுக்கும் சான்றுக் கடிதத்தில் படிப்பு முடியும் தேதி இருக்கும். ஒப்பந்தம் அதற்குப் பிறகும் ஓடினால் அந்த வாரங்களுக்கு வரி கேட்டு கவுன்சிலிலிருந்து கடிதம் வரலாம். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வெளிச்சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளாது. அறையிலேயே சமைக்கலாம் என்றுதான் ஸ்டூடியோவை யோசிக்கிறேன். நம் சமையல் அங்கே நடக்குமா? – ஒரு மாணவி, மதுரை

நடக்கும். ஆனால் படத்தில் பளபளக்கும் சமையல் மேடையை நம்பாதீர்கள். அதிலுள்ள நான்கு பொருள்களைப் பற்றி எழுதிக் கேளுங்கள்.

முதலாவது அடுப்பு. எரிவாயு அநேகமாக இருக்காது, இரண்டு வட்டம் உள்ள மின்னடுப்புதான். இண்டக்‌ஷனா, சாதாரண செராமிக்கா என்று கேளுங்கள். இண்டக்‌ஷன் என்றால் ஊரிலிருந்து தூக்கிப்போகும் அலுமினிய குக்கர் அதில் சூடே ஏறாது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் பாத்திரத்தின் அடியில் ஒட்டினால் எடுத்துப் போங்கள், ஒட்டாவிட்டால் வேண்டாம். இரும்பு தோசைக்கல்லில் ஒட்டும், ஆனால் அடி வளைந்திருந்தால் நடுவில் மட்டும் கருகும். சில கட்டடங்களில் அடுப்புக்கு ஒரு டைமர் பொத்தான் உண்டு. சில நிமிடங்களில் தானாக அணைந்துவிடும். குக்கர் மூன்றாவது விசிலுக்குப் போகுமுன் அடுப்பு அணைந்துபோனால் கோளாறு என்று நினைக்க வேண்டாம், பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும்.

இரண்டாவது, அடுப்புக்கு மேலிருக்கும் புகைபோக்கி. குழாய் வழியாக வெளியே தள்ளுகிறதா, கரி வடிகட்டியில் சுற்றவிட்டு அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா? பல ஸ்டூடியோக்களில் இரண்டாவது வகைதான். அது எண்ணெய்ப் பிசுக்கைக் கொஞ்சம் பிடிக்கும், நெடியை விட்டுவிடும். ஜன்னலைத் திறக்கலாமே என்றால், மாடிகளில் பாதுகாப்புக்காக 10 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காதபடி கட்டை போட்டிருப்பார்கள்.

மூன்றாவது, கூரையில் இருக்கும் கருவி. வெப்பத்துக்கு மட்டும் அலறுவது ஒரு வகை, புகைக்கு அலறுவது இன்னொரு வகை. ஸ்டூடியோவில் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே சுவர் இல்லாததால், புகைக் கருவி அடுப்பிலிருந்து மூன்று நான்கு எட்டிலேயே இருக்கும். எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டு, அதில் மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போடுகிற அந்தப் பத்து விநாடி போதும். தாளிப்பைச் சிறு கரண்டியில், நடுத்தரச் சூட்டில், புகைபோக்கியை முன்கூட்டியே ஓடவிட்டு, குளியலறை விசிறியையும் போட்டுச் செய்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மிளகாய் வறுத்துப் பொடி திரிப்பதெல்லாம் ஊரிலேயே முடித்துக் கொண்டுபோங்கள். கருவிமேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடும் தந்திரத்தை சீனியர்கள் சொல்லித்தருவார்கள், கேட்காதீர்கள். அறைச் சோதனையில் பிடிபட்டால் ஒப்பந்த மீறல். அதைவிட, நள்ளிரவில் உண்மையிலேயே தீப்பிடித்தால் தூங்குகிற உங்களை எழுப்ப வேறு ஏதும் இல்லை.

நான்காவது ஃப்ரிட்ஜ். மேடைக்கு அடியில் நுழையும் குட்டிப் பெட்டிதான், உறைபெட்டி ஒரு செங்கல் அளவு. ஒரு வாரத்துக்கான மாவு, குழம்பு, பால் என்று வைக்க இடம் பற்றாது. மாவு புளிக்க வைப்பது வேறு பாடு. குளிர்காலத்தில் ஹீட்டர் பலவற்றில் பொத்தானை அழுத்தினால் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடி நின்றுவிடும், ராத்திரி அறை ஆறிப்போகும். விளக்கு மட்டும் எரியும் மின் ஓவனுக்குள் மாவை வைப்பார்கள். ஸ்டூடியோவில் ஓவனுக்குப் பதில் மைக்ரோவேவ் மட்டும் இருந்தால் அதற்குள் ஒரு டம்ளர் கொதிநீரோடு வைத்து மூடிவிடுங்கள்.

மசாலாவுக்கு அலைய வேண்டியதில்லை. பல்கலைக்கழகம் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு ரோட்டிலேயே தெற்கே பஸ்ஸில் போனால் ரஷோம் வரும். ‘கறி மைல்’ என்று பெயர் வாங்கிய கடைத்தெரு. பெரிய பை அரிசி அங்கே வாங்கலாம். ஆனால் அதை ஸ்டூடியோவில் எங்கே வைப்பீர்கள் என்பதை யோசித்துவிட்டு வாங்குங்கள்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் கேரண்டர் (வாடகைக்குப் பொறுப்பேற்பவர்) வேண்டும் என்கிறார்கள். ஈஸ்ட் ஹாமில் என் தாய்மாமன் இருக்கிறார். அவரிடம் கையெழுத்துக் கேட்கலாமா? – சேலம் வாசகர்

கேட்கலாம். ஆனால் அது சாட்சிக் கையெழுத்து இல்லை என்பதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் வாடகை கட்டத் தவறினால் மீதி வாரங்கள் அத்தனைக்கும் அவரிடம் கேட்பார்கள். சம்பளச் சான்றும் கேட்கலாம். உறவு கசந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மாமா தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். கேரண்டர் இல்லாத வெளிநாட்டு மாணவரிடம் மொத்த வாடகையையோ பெரும்பகுதியையோ முன்னதாகக் கட்டச் சொல்வது வழக்கம். கட்டணம் வாங்கிக்கொண்டு கேரண்டராக நிற்கும் நிறுவனங்களும் உண்டு. அந்தக் கட்டணம் திரும்ப வராது.

விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகையில், ஸ்டூடியோவுக்கு முன்பணம் கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். உண்மையா? விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா? – ஒரு தகப்பனார், நாகர்கோவில்

முதல் விஷயத்தில் ஏஜென்ட் சொல்வது தப்பு. கழித்துக்கொள்ளும் சலுகை பல்கலைக்கழகமே ஏற்பாடு செய்த விடுதிக்குக் கட்டிய பணத்துக்குத்தான், அதுவும் ஓர் உச்சவரம்புக்குள். தனியார் ஸ்டூடியோவுக்கு நீங்கள் 5,000 பவுண்டு கட்டியிருந்தாலும் அதிகாரி அதைக் கணக்கில் எடுக்கமாட்டார். 2025 நவம்பர் 11 முதலான விதிப்படி லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டைக் காட்ட வேண்டும், பாக்கியிருக்கும் கல்விக் கட்டணம் தனி. அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஆகவே ஸ்டூடியோ முன்பணத்தை அந்தக் கணக்கிலிருந்து எடுத்து, இருப்பு ஒரே ஒரு நாள் குறைந்தாலும் 28 நாளை மறுபடி எண்ண வேண்டியதுதான்.

இரண்டாவது, ஒப்பந்தத்தைப் பொறுத்தது. விசா மறுக்கப்பட்டால் விடுவிக்கும் விதி பலரிடம் உண்டு, ஆனால் நிபந்தனையோடு: மறுப்புக் கடிதத்தை இத்தனை நாளுக்குள், குடியேறும் தேதிக்கு முன்பாக அனுப்ப வேண்டும் என்றிருக்கும். விசா தாமதம் என்பது விசா மறுப்பு ஆகாது. இந்த வரியைத் தேடிப் படியுங்கள். கோவிட்டுக்காகவோ படிப்பை நிறுத்துவதற்காகவோ தானாக விடுவிப்பார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

2026 மே 1 முதல் இங்கிலாந்தில் வாடகைதாரர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம் என்ற செய்தியை வாட்ஸப்பில் பார்த்திருப்பீர்கள். அது சாதாரணத் தனியார் வீடுகளுக்கு. அரசு ஏற்ற நடத்தை விதிகளில் சேர்ந்திருக்கும் மாணவர் கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. அங்கே எடுக்கும் புது ஒப்பந்தம் குறித்த காலம் முழுக்க உங்களைக் கட்டுப்படுத்தும். நடுவில் போக வேண்டுமானால் உங்கள் இடத்துக்கு வேறொரு மாணவரைப் பிடித்துத் தர வேண்டும். அவர் வந்து கையெழுத்திடும்வரை வாடகை உங்கள் தலையில்.

நானும் சித்தப்பா மகனும் ஒரே ஸ்டூடியோவில் தங்கி வாடகையைப் பாதியாக்கலாமா? – கரூர் வாசகர்

இருவர் தங்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலொழியக் கூடாது. அப்படி அனுமதித்தால் வாடகையும் கூடும். விருந்தாளிக்கே வாரத்துக்கு இத்தனை இரவு என்று கணக்கு வைத்திருப்பார்கள். இருவர் என்றால் இரண்டு படுக்கையறை வீடு பாருங்கள்.

படங்களில் எல்லா ஸ்டூடியோவும் அழகாகத்தான் இருக்கிறது. நேரில் போய்ப் பார்க்க முடியாதவர்கள் எப்படித் தேர்ந்தெடுப்பது? – சென்னை வாசகி

சதுர மீட்டரைக் கேளுங்கள். 18 சதுர மீட்டர் என்றால் குளியலறையும் சேர்த்து ஏறத்தாழ 194 சதுர அடிதான். அகலக்கோணத்தில் எடுத்த படம் அதை ஹால் போலக் காட்டும். கட்டில் அகலம் 120 சென்டிமீட்டரா என்று கேட்டு, படத்தில் அதை அளவுகோலாக வைத்து மற்றதை அளந்துவிடலாம்.

அறை எண் ஒதுக்குமுன் எந்தப் பக்கம், எந்த மாடி என்று கேளுங்கள். நகர நடுவில் தரைத்தளத்தில் மதுக்கடை இருக்கும் தெருவைப் பார்த்த இரண்டாம் மாடி அறையும், உள்முற்றம் பார்த்த எட்டாம் மாடி அறையும் ஒரே விலையில் இருக்கும். தூக்கம் ஒன்றாக இருக்காது. கட்டடம் இன்னும் கட்டிமுடியவில்லை என்றால் செப்டம்பரில் தயாராகாமல் போகிற ஆபத்து உண்டு. தாமதமானால் எங்கே தங்கவைப்பார்கள், எப்போது ரத்து செய்யலாம் என்பது எழுத்தில் வேண்டும். பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தைப் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவுக்கு அனுப்பிப் பாருங்கள்.

பதினெட்டு வயதில் முதன்முறை வீட்டைவிட்டுப் போகிற பிள்ளைக்கு ஸ்டூடியோ வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஐந்தாறு பேர் சமையலறையைப் பகிரும் வீட்டில் தனிக் குளியலறையோடு அறை எடுத்தால் வாடகை குறையும், காய்ச்சல் வந்தால் கதவைத் தட்ட ஆளும் இருக்கும்.

கடைசியில் டெபாசிட்டில் பிடித்தம் செய்கிறார்களாமே? – விருதுநகர் வாசகர்

செய்வார்கள். டெபாசிட் பாதுகாப்புத் திட்டத்தில் வைக்கிறார்களா, வைத்தால் எதில் என்று கேட்டு வாங்குங்கள். சாவி வாங்கிய அன்றே, பெட்டியைப் பிரிக்குமுன், அறையை வீடியோ எடுத்து அவர்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தேதி அதிலேயே பதிவாகும். நம் பிள்ளைகள் மாட்டுவது மூன்று இடத்தில். வெள்ளை மேடையில் மஞ்சள்தூள் கறை: உடனே துடைக்காவிட்டால் ஊறிவிடும். ஈரத்துணியை அறைக்குள்ளேயே காயப்போட்டு, சோற்று ஆவியும் சேர்ந்து ஜன்னலோரம் பூக்கும் கரும்பூஞ்சை: துணி காய்கிறபோது விசிறி ஓடட்டும், சுவரிலிருந்து கட்டிலை ஒரு சாண் நகர்த்திப் போடுங்கள். மூன்றாவது, தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிச் சுவரில் சாய்ந்து படித்ததால் கட்டிலுக்குப் பின்னால் விழும் வட்டம். பெயின்ட் அடித்தாலும் ஊடே தெரியும். முதல் நாளே அங்கே ஒரு பழைய துண்டைத் தொங்கவிடுங்கள்.