லீடர் வேலை பெயர் எழுதுவது மட்டும்தானா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எட்டாம் வகுப்பு எடுக்கிறேன், 40 பிள்ளைகள். நன்றாகப் படிக்கும் ஒரு மாணவியை லீடராகப் போட்டேன். நான் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைப் போர்டில் எழுதி வைப்பாள். இப்போது அவளோடு யாரும் சேர்வதில்லை. வேறு லீடரைப் போட்டால் சரியாகுமா?
– ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை, அருப்புக்கோட்டை

பதில்: ஆளை மாற்றினால் அடுத்த பிள்ளை தனியாக நிற்கும், அவ்வளவுதான். கோளாறு அந்த வேலையிலேயே இருக்கிறது. சிநேகிதி பெயரை எழுதினால் சிநேகம் போகும், எழுதாவிட்டால் உங்களிடம் பேர் கெடும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர அவள் சொந்தமாக முடிவெடுக்க அதில் ஒன்றுமே இல்லை. பெயர் எழுதும் வேலையை முதலில் ஒழித்துவிடுங்கள்.

அரசுப் பள்ளி என்பதால் 'மகிழ் முற்றம்' திட்டத்தில் பிரித்த மாணவர் குழுக்கள் இருக்கும்: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. 40 பேர் என்றால் குழுவுக்கு 8 பேர். குழுவுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள்: காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பது, வகுப்பு நூலக அலமாரி, மதிய உணவு வரிசையும் கை கழுவும் இடமும், விளையாட்டுச் சாமான், செடிகளும் கரும்பலகையும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர். மூன்று வாரம் முடிந்ததும் பொறுப்பு அடுத்த குழுவுக்கு மாறும், துணைத் தலைவர் தலைவராவார், புதுத் துணை ஒருவர் வருவார். 24 வாரத்தில் எட்டுப் பேருமே ஒரு சுற்று வந்துவிடுவார்கள். கடைசி பெஞ்சுப் பையனுக்கும் முறை வரும். மார்க்கைக் காட்டி அவனைத் தாண்டிப் போகாதீர்கள்.

பொறுப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது, எல்லையையும் சொல்ல வேண்டும். ஓர் அட்டையில் மூன்று வரி எழுதி ஒட்டுங்கள். நூலக அலமாரிக்கு இப்படி: எந்தப் புத்தகங்களை முன்னால் அடுக்குவது, எத்தனை நாளைக்குக் கொடுப்பது என்பதெல்லாம் குழுவின் முடிவு. புத்தகம் கிழிந்தாலோ தொலைந்தாலோ டீச்சரிடம் சொல்ல வேண்டும். அபராதம் வசூலிக்கவே கூடாது. இந்த மூன்றாவது வரியை விட்டால் இரண்டாம் வாரமே ஒரு குட்டி அதிகாரி கிளம்பிவிடுவார்.

வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கிப் பிள்ளைகளையே பேசவிடுங்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை, அடுத்த வாரம் எதை மாற்றப்போகிறீர்கள்? நீங்கள் பின் வரிசையில் உட்காருங்கள், கேட்டால் மட்டும் வாய் திறங்கள்.

முதல் வாரம் குளறுபடியாகத்தான் இருக்கும். பெரும்பாலும் திட்டம் செத்துப்போவது அங்கேதான். செவ்வாய்க்கிழமை வரிசை கலைந்ததும் பொறுக்காமல் ஆசிரியரே சரிசெய்யப் போவார், பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். குழுவுக்குள் பந்தும் மட்டையும் பையன்களிடமும், துடைப்பம் பெண் பிள்ளைகளிடமும் தானாகப் போய்ச் சேரும். அதை முதல் நாளே தடுக்க வேண்டும்.

பத்து வயதுச் சிறுவர்களை வைத்து உளவியலாளர்கள் கர்ட் லெவின், லிப்பிட், ஒயிட் மூவரும் அமெரிக்காவின் அயோவாவில் நடத்திய ஆய்வு 1939-ல் வெளிவந்தது. எல்லாவற்றையும் தானே கட்டளையிட்ட தலைவர் அறையை விட்டுப் போனதும் அந்தக் குழுவில் வேலை சரிந்தது. கலந்து பேசி முடிவெடுத்த குழுவில் தலைவர் போன பிறகும் வேலை பெரிதாகக் குறையவில்லை. எதையும் கண்டுகொள்ளாமல் விட்ட குழுவிலும் வேலை சரியாக நடக்கவில்லை. ஆகவே 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விடாதீர்கள்.

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு. '450 எடுத்தால் போன்' என்று சொல்லியிருக்கிறேன். அப்படியும் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்கிறான். இன்னும் பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டுமா?
– ஒரு தந்தை, ஓசூர்

பதில்: வேண்டாம். சொன்ன போனைச் சொன்னபடி வாங்கிக் கொடுங்கள், வாக்கு மாறக்கூடாது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பரிசு ஆர்வத்தையே கெடுக்கும் என்று பலரும் சொல்வார்கள். அதற்கு அடிப்படையான 1973-ம் ஆண்டு ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்குச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பிற்பாடு அந்தக் குழந்தைகள் மற்றவர்களில் பாதியளவுதான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. உங்கள் மகன் விஷயம் வேறு. இல்லாத ஆர்வத்தைப் பரிசு கெடுக்க முடியாது. போன் மார்ச் மாதத்துக்கு அப்பால் இருக்கிறது, இன்று இரவு ஏழரை மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று அது அவனுக்குச் சொல்வதில்லை. சிக்கல் அங்கேதான்.

உள்ளிருந்து வரும் ஊக்கத்துக்கு மூன்று தேவை என்கிறார்கள் உளவியலாளர்கள் டெசியும் ரயனும்: நான் தேர்ந்தெடுத்தது என்ற எண்ணம், என்னால் முடிகிறது என்ற அனுபவம், என்னை மதிக்கிறவர்கள் கூட இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை. இதை வீட்டில் இப்படிச் செய்யலாம். கடைசிப் பரீட்சையின் விடைத்தாள்களை எடுத்து, போன மார்க்கையெல்லாம் அவனையே மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: தெரியாமல் போனது, தெரிந்தும் தப்பாக எழுதியது, நேரம் போதாமல் விட்டது. 'எனக்கு ஒண்ணும் வராது' என்கிற பிள்ளைக்கு, தெரிந்தே கோட்டைவிட்ட மார்க் எவ்வளவு என்று தன் கையாலேயே கூட்டிப் பார்ப்பது பெரிய விஷயம். எந்தப் பாடத்தில் தொடங்குவது என்பதை அவனே முடிவு செய்யட்டும்.

பிறகு 'தினமும் இரண்டு மணி நேரம் படிப்பேன்' என்று எழுத வைக்காதீர்கள், அது நாலாம் நாள் நின்றுவிடும். 'ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும், கணக்கு நோட்டைத் திறந்து இரண்டு கணக்கு போடுவேன்' என்று எழுதட்டும். எப்போது, எதன் பிறகு, எவ்வளவு மூன்றும் அதில் இருக்க வேண்டும். விட்டுப்போன நாளுக்கு மறுநாள் நான்காகப் போடச் சொல்லாதீர்கள், இரண்டே போதும். போட்டு முடித்ததும் 'கெட்டிக்காரன்' என்பதை விட, 'இந்த ஸ்டெப்பை எப்படிக் கண்டுபிடிச்ச?' என்று கேளுங்கள்.

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவுக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைக்கலாமா? பணம் கேட்கிறார்கள்.
– பெற்றோர் ஒருவர், நாமக்கல்

பதில்: அழையுங்கள், விழா கலகலப்பாக இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பேச்சு முடிந்த கையோடு பிள்ளைகள் ஒரு தாளில் இந்த வாரம் செய்யப்போகும் ஒரே ஒரு காரியத்தை எழுதி, வகுப்பாசிரியரிடம் கொடுத்து, அடுத்த வாரம் திருப்பி வாங்கிப் பார்ப்பார்கள் என்றால் செலவு கொஞ்சமாவது செரிக்கும்.

கேள்வி: என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) சிறப்பு முகாமுக்குக் குழு பிரிக்கிறார்கள். தலைமைப் பண்பு வளர மேடை நிகழ்ச்சிக் குழு நல்லதா, சாப்பாட்டுக் குழு நல்லதா?
– இரண்டாம் ஆண்டு மாணவி, கும்பகோணம்

பதில்: சாப்பாட்டுக் குழு, யோசிக்கவே வேண்டாம். 1969-ல் காந்தி நூற்றாண்டின்போது தொடங்கிய இந்தத் திட்டத்தில் இரண்டாண்டுக்கு 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் முகாமும் உண்டு. அந்த ஏழு நாளில், செய்த முடிவு சரியா தப்பா என்று அன்றன்றைக்கே தெரியும் ஒரே இடம் சமையற்கட்டு.

50 பேர் என்றால் மதியத்துக்கு ஆளுக்கு 120 கிராம் வீதம் 6 கிலோ அரிசியில் தொடங்குங்கள். முதல் நாள் மிஞ்சியதையோ குறைந்ததையோ நோட்டில் குறித்து, மறுநாள் அரைக் கிலோ ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். மண்வெட்டி வேலை நடக்கும் நாளில் கூடுதலாகவே போகும். காய்கறிப் பில்லை அன்றைக்கு இரவே எழுதி இருவர் கையெழுத்துப் போடுங்கள். மூன்றாம் நாளுக்குத் தள்ளினால் கணக்கு உதைக்கும், பழி உங்கள் தலையில் விழும்.

ஆள் சேர்ப்பதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். 'யாராவது காய் நறுக்க வாங்கப்பா' என்றால் ஒருத்தரும் வரமாட்டார்கள், அல்லது தினமும் அதே மூன்று பேர் வருவார்கள். முந்தின நாள் இரவே பெயர் சொல்லி, மணி சொல்லி, வேலையையும் சொல்லிக் கேளுங்கள்: 'நாளைக்குக் காலை ஆறு மணிக்கு நீங்க ரெண்டு பேரும் வெங்காயம், முடியுமா?' முடியாது என்றால் அப்போதே வேறு ஆள் பார்க்கலாம். வராதவரைக் கூட்டத்தில் வைத்துத் திட்டாதீர்கள், தனியாகக் கூப்பிட்டு என்ன ஆச்சு என்று விசாரியுங்கள். நோட்டை மட்டும் பத்திரமாக வைத்து, அடுத்த ஆண்டு முகாமுக்குப் போகும் ஜூனியரிடம் கொடுத்துவிடுங்கள். அரிசி அளவு அவர்களுக்கும் வேண்டும்.