கோதிக் பேராலயம் பார்க்கத் தனி வழிகாட்டி: எங்கே தேவை, எங்கே வேண்டாம்

கேள்வி: செப்டம்பரில் பாரிஸ் போகிறோம். நான், கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், 68 வயது அம்மா. லாச்சப்பலில் தங்கை வீட்டில் ஒரு வாரம் தங்குவோம். சின்ன வயதில் சென்னை சாந்தோம் தேவாலயத்தைப் பார்த்ததிலிருந்து கூர்முனை வளைவுகளும் பெரிய வண்ணக்கண்ணாடி ஜன்னல்களும் கொண்ட பழைய கோதிக் பாணித் தேவாலயங்களை நேரில் பார்க்க ஆசை. தனி வழிகாட்டி வைத்தால் ஒரே நாளில் நான்கைந்து இடங்களைக் காட்டுவதாகச் சொல்கிறார்கள். கட்டணம் அதிகமாகத் தெரிகிறது. வைக்கலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

வழிகாட்டி வையுங்கள். ஆனால் ஒரே நாளில் நான்கைந்து இடம் காட்டுகிறேன் என்பவரை வைக்காதீர்கள்.

என் முதல் பயணத்தில் நானும் அப்படித்தான் ஒருவரை அமர்த்தினேன். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மாலைக்குள் நான்கு தேவாலயங்கள். ஒவ்வொன்றிலும் யார் கட்டினார், எந்த ஆண்டு, எத்தனை மீட்டர் உயரம் என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குக் கிளப்பிவிடுவார். இரவு படங்களைப் புரட்டியபோது எந்த ஜன்னல் எந்த ஆலயத்தில் இருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அத்தனை தூரம் போய், அவ்வளவு செலவழித்து, ஒன்றையும் பார்க்காமல் திரும்பிய வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அதற்குப் பிறகு பல குழுக்களை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பேராலயம், மிஞ்சினால் இன்னொரு சிறியது. அதைத் தாண்டியதே இல்லை.

உங்களுக்கு ஒரு வாரம் இருக்கிறது. நான்கு ஆலயங்கள் போதும்: பாரிஸை ஒட்டிய சேன் தெனி, பாரிஸுக்குள் சேன்ட் சப்பல், நோத்ர தாம், ரயிலில் போகவேண்டிய வெளியூர் சார்த்ர். இவற்றில் சேன் தெனிக்கும் சார்த்ருக்கும் மட்டும் வழிகாட்டி வையுங்கள். மற்ற இரண்டிலும் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

முதலில் போகவேண்டியது சேன் தெனி. சாந்தோமில் இப்போது நிற்கும் கட்டடம் 1896-இல் முடிந்தது. பழைய கோதிக் வடிவத்தை ஆங்கிலேயர் காலத்தில் திரும்ப எடுத்துக் கட்டியது. அந்த வடிவம் பிறந்த இடம் என்று பெரும்பாலான அறிஞர்கள் காட்டுவது சேன் தெனியைத்தான். சுஜேர் என்ற மடாதிபதி எழுப்பிய பீடப்பகுதி 1144 ஜூன் 11 அன்று அர்ச்சிக்கப்பட்டது, அதாவது வழிபாட்டுக்காகப் புனிதப்படுத்தப்பட்டது. தங்கை வீட்டிலிருந்து பக்கம்தான். லாச்சப்பலில் மெட்ரோ 2-ஆம் தடத்தில் ஏறி, பிளாஸ் த கிளிஷியில் இறங்கி 13-ஆம் தடத்துக்கு மாறுங்கள். 13 வழியில் இரண்டாகப் பிரியும். சேன் தெனி போகும் ரயில்தானா என்று பலகையைப் பார்த்து ஏறுங்கள். ஞாயிறு காலை திருப்பலி நடக்கும், அதனால் வேறு நாளில் போவது நல்லது. செவ்வாய், வெள்ளியில் பக்கத்திலேயே பெரிய சந்தை கூடும், அம்மாவுக்குப் பிடிக்கும்.

இங்கே வழிகாட்டி ஏன் வேண்டும் என்கிறேன் என்றால், பார்க்கவேண்டியது கண்ணுக்கு எளிதில் சிக்காது. நல்ல வழிகாட்டி உங்களைப் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சுற்றுப்பாதைக்கு அழைத்துப் போய், "இங்கே சுவர் எங்கே?" என்று கேட்பார். தேடினால் சுவர் இருக்காது. மெல்லிய தூண்கள், தூணுக்குத் தூண் கண்ணாடி, அவ்வளவுதான். அதற்கு முந்தைய தேவாலயங்களில் கல் கூரையைத் தாங்கத் தடித்த சுவர் வேண்டியிருந்தது. ஜன்னல் சிறிதாகத்தான் வைக்க முடிந்தது. வளைவான கல் கூரை கீழே அழுத்துவதோடு நிற்காது, பக்கவாட்டிலும் சுவரைத் தள்ளும். அரைவட்ட வளைவைவிடக் கூர்முனை வளைவு பக்கவாட்டில் குறைவாகத் தள்ளும். கூரைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கல் விலாக்கள் எடையைத் தூண்களின் தலைக்குக் கொண்டுவரும். மிச்சத் தள்ளுதலை, பின்னால் வந்த பெரிய பேராலயங்களில், வெளியே நிற்கும் கல் முட்டுகள் வாங்கிக்கொள்ளும். குலை தள்ளிய வாழைக்கு நாம் சாய்வாக முட்டுக் கொடுப்போமே, அதே வேலைதான். முட்டு வெளியே போய்விட்டதால் சுவருக்கு வேலை இல்லை. சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தார்கள். இந்த ஒன்றைச் சேன் தெனியில் நின்று புரிந்துகொண்டால் மற்ற மூன்று இடங்களையும் உங்கள் மகளே உங்களுக்கு விளக்கிவிடுவாள்.

அங்கே பிரெஞ்சு அரசர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. 70-க்கும் மேற்பட்ட படுத்த நிலைச் சிற்பங்கள். நடுக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை, கல்லறைப் பகுதிக்கும் நான் சொன்ன சுற்றுப்பாதைக்கும் சீட்டு வாங்க வேண்டும். 12-ஆம் லூயி, அவருடைய அரசி ஆன் இருவரின் கல்லறையில் குனிந்து பாருங்கள். மேல் தளத்தில் இருவரும் மண்டியிட்டுச் செபிப்பார்கள். கீழே அதே இருவரும் உயிரற்ற உடல்களாகக் கிடப்பார்கள்; உடலைப் பதப்படுத்த வயிற்றைக் கீறித் தைத்த தையல்கூடக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கும். பலமுறை பார்த்தும் அந்தத் தையலிலிருந்து என்னால் சீக்கிரம் கண்ணை எடுக்க முடிந்ததில்லை. வழிகாட்டி சுட்டாவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள்.

சேன்ட் சப்பலுக்கு வழிகாட்டி வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் கூட்டம். சின்ன இடம். மேல் ஆலயத்தில் எப்போதும் ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள், யார் பேசினாலும் காதில் விழாது. அது பேசிப் பார்க்கும் இடமும் இல்லை. மூன்று செய்தி தெரிந்தால் போதும். புனித லூயி எனப்படும் 9-ஆம் லூயி, கிறிஸ்துவின் முள்முடி என்று நம்பப்பட்ட பொருளைக் கான்ஸ்டான்டினோப்பிள் பேரரசரிடமிருந்து வாங்கி, அதை வைப்பதற்காகக் கட்டி 1248-இல் அர்ச்சித்த ஆலயம் இது. சுற்றிலும் ஏறத்தாழ 15 மீட்டர் உயரமான 15 ஜன்னல்கள், அவற்றில் 1,113 காட்சிகள். மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது: இங்கே வெளியே சாய்ந்து நிற்கும் முட்டுகள் கிடையாது. சுவரைச் சுற்றி இரும்புக் கட்டு ஓடுகிறது. ஜன்னல்களைக் கடக்கும் இடத்தில் அது கண்ணாடியைத் தாங்கும் சாதாரணக் கம்பி போலவே தெரியும். அவ்வளவு கண்ணாடியைப் பிடித்து நிறுத்துவதில் அந்த இரும்புக்கும் பங்கு உண்டு.

நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் விமான நிலையம் போலப் பையைச் சோதிப்பார்கள். கத்தரிக்கோல், சின்னப் பேனாக்கத்தியைக்கூட வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். மேலே போவது குறுகலான சுழல்படி. அம்மாவால் முடியாது என்றால் வாசலில் ஊழியரிடம் முதலிலேயே சொல்லி வேறு வழி கேளுங்கள். வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துப் போக முடிந்தால் நல்லது. மேகமூட்டத்தில் பாதிதான் கிடைக்கும்.

நோத்ர தாம் அங்கிருந்து நடக்கும் தூரம். 2019 ஏப்ரல் 15 தீவிபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திரும்பத் திறந்தார்கள். பேராலயத்துக்குள் போகக் கட்டணமே கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன்: "நோத்ர தாம் நுழைவுச் சீட்டு" என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். வரிசையைக் குறைக்கப் பேராலயத்தின் இணையதளத்தில் இலவசமாக முன்பதிவு செய்யலாம். உள்ளே ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். வடக்கு வட்டச் சாளரத்தின் கீழ் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். 13-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி அதில்தான் மிகுதியாகத் தப்பியிருக்கிறது.

இனி சார்த்ர். ஒரே ஓர் இடத்துக்குத்தான் வழிகாட்டிக்குப் பணம் கொடுக்க முடியும் என்றால் இங்கே கொடுங்கள். மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஊர் நெருங்கும்போது வயல்வெளிக்கு மேல் இரண்டு கோபுரங்கள் எழுந்து வரும். ஒன்று மாதிரி மற்றொன்று இருக்காது. தெற்குக் கோபுரம் 12-ஆம் நூற்றாண்டுக்காரர்கள் கட்டியது, எளிமையானது. வடக்குக் கோபுரத்தின் உச்சி 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது, கல்லில் பூவேலை மாதிரி. பாரிஸிலிருந்தே வழிகாட்டியைக் கூட்டிப் போனால் அவருடைய பயண நேரத்துக்கும் சேர்த்துத் தருவீர்கள். அந்த ஊரிலேயே வேலை செய்யும் வழிகாட்டியைச் சுற்றுலா அலுவலகம் மூலம் கேளுங்கள்.

1194-இல் தீப்பிடித்துப் பழைய ஆலயத்தின் பெரும்பகுதி போனது. மேற்கு முகப்பும் அதன் மூன்று ஜன்னல்களும் தப்பின. சுமார் 30 ஆண்டுகளுக்குள் மற்றவற்றை எழுப்பிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் வருகிறது என்று தெரிந்ததும் 1939-இல் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள்; அதனால்தான் இவ்வளவு பழைய கண்ணாடி ஒரே கூரையின் கீழ் நமக்குக் கிடைத்திருக்கிறது. மால்கம் மில்லர் என்ற ஆங்கிலேயர் 1958-இல் இங்கே வழிகாட்டத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இந்த ஒரு கட்டடத்தை மட்டுமே விளக்கிவந்தார். ஓர் ஆயுளுக்குப் போதும் அளவுக்கு அதில் விஷயம் இருக்கிறது.

ஜன்னலை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். தெற்குப் பக்கத்தில், இயேசு சொன்ன உவமையில் வரும் நல்ல சமாரியனின் ஜன்னல் இருக்கிறது. பெரும்பாலும் கீழிருந்து மேலே, இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். அடியில் செருப்புத் தைக்கும் தொழிலாளர்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அதற்கு மேலே, கள்வர்களிடம் அடிபட்டு வழியில் கிடந்தவனுக்குச் சமாரியன் மருந்திட்ட கதை. கதை முடிந்தும் ஜன்னல் முடியாது. மேலே ஆதாம் ஏவாள் வந்துவிடுவார்கள். சம்பந்தமில்லாமல் ஒட்டிவைத்த மாதிரி தோன்றும். அடிபட்டுக் கிடந்த வழிப்போக்கன் ஆதாம்தான், அதாவது நாம் எல்லோரும். தூக்கிவிட வந்தவர் கிறிஸ்து என்பது அந்தக் காலத்து விளக்கம். வழிகாட்டி இதைச் சொன்னதும் வண்ணத்துண்டுகள் சட்டென்று கூடி ஒரே கதையாகிவிடும். இப்படி இரண்டு மூன்று ஜன்னல்களை நிதானமாகப் படித்தால் போதும். அங்கே மொத்தம் 176 இருக்கின்றன.

சார்த்ருக்கு வெள்ளிக்கிழமை போங்கள். தரையில் கிட்டத்தட்ட 13 மீட்டர் அகலத்தில், வட்டமாகச் சுற்றிச் சுற்றி மையத்துக்குப் போகும் கல்பாதை ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. மற்ற நாட்களில் அதன்மேல் நாற்காலிகள் கிடக்கும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முதல் நவம்பர் 1 வரை வெள்ளிக்கிழமைகளில் எடுத்துவிடுவார்கள். சமதரைதான், அம்மா நடக்கலாம். காலை 11 மணிக்குள் போய்ச் சேர்ந்து, வெளிச்சுவர்ச் சிற்பங்களையும் தெற்குப் பக்க ஜன்னல்களையும் வழிகாட்டியோடு பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் அவரை அனுப்பிவிடலாம். சாப்பிட்டுவிட்டுத் திரும்ப உள்ளே வந்து உட்காருங்கள். பிற்பகல் வெயில் மேற்கே போகும்போது தீயில் தப்பிய அந்த மூன்று ஜன்னல்களிலும் நீலம் ஏறும். அப்போது பக்கத்தில் யாரும் பேசாமல் இருப்பதே நல்லது.

சரி, ஆளைத் தேர்வது எப்படி? பிரான்சில் அரசு தரும் தொழில் அட்டை ஒன்று உண்டு. "கீத் கோன்ஃபெரான்சியே" என்பார்கள். அட்டை இருக்கிறதா, உள்ளே நின்று பேச அனுமதி வாங்குவாரா என்று எழுத்தில் கேளுங்கள். அனுமதி இல்லாதவர் வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உங்களை மட்டும் உள்ளே அனுப்புவார். அப்புறம், "எந்தெந்த ஜன்னல் முன்னால் நிற்பீர்கள்?" என்று கேளுங்கள். நல்லவர் மூன்று நான்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவார். "எல்லாவற்றையும் காட்டுகிறேன்" என்றால் விட்டுவிடுங்கள். கட்டணம் பொதுவாகக் குழுவுக்குத்தான், தலைக்கு இல்லை. அரை நாளுக்குச் சில நூறு யூரோ என்றாலும் தங்கை குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டால் பாரம் குறையும். நுழைவுச் சீட்டு அதில் அடங்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

விளக்கம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அம்மாவுக்குத் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும், தங்கையோ மகளோ. அதை வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவைத்தால் இடைவெளி விட்டுப் பேசுவார். முழங்கால் வலியையும் சொல்லுங்கள். ஒரே இடத்தில் அரை மணி நேரம் நிற்க வைக்காமல், நாற்காலி இருக்கும் பக்கமாக உட்கார வைத்துப் பேசுவார். கோபுரம் ஏறும் திட்டம் வேண்டாம், நூற்றுக்கணக்கான படிகள்.

ஒரு இருகண் நோக்கி (பைனாகுலர்) எடுத்துப் போங்கள், எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். அது இல்லாமல் மேல் ஜன்னல்களில் முகங்கள் தெரியாது. செப்டம்பரிலும் உள்ளே குளிரும், அம்மாவுக்குச் சால்வை அவசியம். செருப்பைக் கழற்ற வேண்டாம். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்ற அம்மா ஆசைப்படுவார், அங்கேயே எடுத்துக்கொண்டு உண்டியலில் காசு போடும்படி இருக்கும். சில்லறை யூரோ கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.