வால் ஸ்ட்ரீட் எந்தக் கட்சிப் பக்கம்?

கேள்வி: நிதித்துறை ஆட்கள் எல்லாரும் குடியரசுக் கட்சிதான் என்று நியூயார்க்கில் இருக்கும் என் மகன் சொல்கிறான். நிஜமா? நாமே பார்க்க வழி உண்டா?

பதில்: இல்லை. ரெனசான்ஸ் டெக்னாலஜிஸ் என்ற ஒரே ஹெட்ஜ் ஃபண்டை (பெரும் பணக்காரர்கள், நிறுவனங்களின் பணத்தை முதலீடு செய்யும் நிதியை) பாருங்கள். அதைத் தொடங்கிய ஜிம் சைமன்ஸ் ஜனநாயகக் கட்சிக்குக் கோடிக்கணக்கில் கொடுத்தார். அங்கே உயர் பொறுப்பில் இருந்த ராபர்ட் மெர்சர் 2016-ல் ட்ரம்ப் பக்கம் கொட்டினார். காலமும் மாற்றும். கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி ஊழியர்கள் 2008-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஒபாமாவுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். வங்கிகளுக்குக் கடிவாளம் போட்ட டாட்-ஃபிராங்க் சட்டம் 2010-ல் வந்த பிறகு, 2012-ல் அந்தப் பணம் குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம்னிக்குப் போனது.

நீங்களே பார்க்க, அமெரிக்கக் கூட்டாட்சித் தேர்தல் ஆணைய இணையதளத்தில் தனிநபர் நன்கொடைப் பகுதிக்குப் போய், பணியிடம் கேட்கும் கட்டத்தில் நிறுவனப் பெயரையும், பிறகு ஆண்டையும் கொடுங்கள். தேர்தலுக்குப் பணம் திரட்டும் ஒரு குழுவுக்கு மொத்தம் 200 டாலருக்கு மேல் தந்தவர்களின் பெயர், தொழில், தொகை வரும். வருவதைக் கூட்டி, “இந்த வங்கி இவ்வளவு கொடுத்தது” என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. வேட்பாளருக்குக் கம்பெனிப் பணம் தர 1907 முதலே தடை. இது ஊழியர்களின் சொந்தக் காசு. நிறுவனப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள், சுருக்கப் பெயரிலும் தேடுங்கள். சூப்பர் பேக் குழுக்களை (வேட்பாளரிடம் பணம் தராமல் தேர்தலுக்குத் தாங்களே தனியாகச் செலவழிப்பவை) தனியாகக் கூட்டுவது முக்கியம். 2024 தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர்தான் உச்சவரம்பு. சூப்பர் பேக்குக்கு வரம்பே இல்லை. ஒரு கோடீஸ்வரரின் காசோலை ஆயிரம் ஊழியர்களின் கணக்கை மூழ்கடித்துவிடும்.

கேள்வி: மகன் வேலை பார்ப்பது முதலீட்டு ஆலோசனை நிறுவனத்தில். அவன் நன்கொடை தரலாமா?

பதில்: எச்-1பி விசா என்றால் எந்தத் தேர்தலுக்கும் கூடாது. கிரீன் கார்டு இருந்தால் தரலாம், ஆனால் முதலில் நிறுவனத்தில் விதிமுறைகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவில் எழுத்தில் அனுமதி வாங்கச் சொல்லுங்கள். மாநில ஓய்வூதிய நிதியின் முதலீட்டில் அதிகாரம் உள்ள பதவியில் இருப்பவருக்கோ அதற்குப் போட்டியிடுபவருக்கோ நிறுவன நிர்வாகிகளும், அரசு வாடிக்கையாளர்களைப் பிடிப்பவர்களும் ஒரு தேர்தலுக்கு 350 டாலருக்கு மேல் தந்தால், நிறுவனம் அந்த நிதியிடம் 2 ஆண்டு கட்டணம் வாங்க முடியாது. பணம் தருபவருக்கு அந்த வேட்பாளருக்கு வாக்களிக்கும் உரிமை இல்லை என்றால் வரம்பு 150தான்; கிரீன் கார்டுக்காரர்கள் இதில் வருவார்கள்.

2024-ல் ஜனநாயகக் கட்சியின் ஹாரிஸுடன் துணை அதிபர் வேட்பாளராக நின்ற டிம் வால்ஸ் அப்போது மின்னசோட்டா ஆளுநர். அந்த மாநில முதலீட்டு வாரியத்திலும் இருந்தார். அதனால் அந்த அணிக்கு இந்த விதி பொருந்தியது. அப்போது செனட்டராக இருந்த வான்ஸ் ட்ரம்புடன் நின்ற எதிரணிக்குப் பொருந்தவில்லை. அந்த ஆண்டுப் பட்டியலில் ஒரு நிதி நிர்வாகியின் பெயர் ஹாரிஸ் பக்கம் இல்லை என்பதால் மட்டும் அவரை எதிர்க்கட்சி என்று எழுதிவிடாதீர்கள்.